ஸபாக் காற்றும் ஒரு சிவப்புப் பலூனும்

கீழ்த்திசையிலிருந்து வரும் காற்றை நம் தமிழ் 'கொண்டல்' என்கிறது. அரபு மொழி 'ஸபா' என்கிறது. காதலியின் ஊர் மணத்தைச் சுமந்து வருவதாக அரபுக் கஸீதாக்களிலும், தூது செல்வதாகப் பாரசீகக் கஸல்களிலும் புகழ் பெற்ற காற்று அது. தென்றலைத் தூது விட்ட தமிழருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆல்பேர் லாமொரிஸ் என்னும் பிரெஞ்சுக்காரர் தம் கடைசிப் படத்தின் கதையை இக்காற்றின் வாயாலேயே சொல்ல விழைந்தார்; படம் முடியுமுன் மறைந்தார்.

சினிமா என்றதும் முகம் சுளிக்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. நாமும் அத்தகைய இல்லத்தில் வளர்ந்தோம். ஆயினும் இவர் படங்களை நம் மாணவர்க்குக் காட்ட நாம் தயங்கியதில்லை.

1922இல் பாரிஸில் பிறந்த லாமொரிஸ், பெரும் படநிறுவனங்களின் நிழலை அதிகம் நாடாமல் சொந்த நிறுவனம் வைத்துக் குறும்படங்கள் எடுத்தார். 1951இல் வெளிவந்த 'பிம்' துனீசியாவில் படமானது. ஏழைச் சிறுவன் அப்துல்லாஹ்வின் கழுதைக் குட்டியைக் காயிதின் மகன் பறிக்கிறான். பகை பின்னர் நட்பாகிறது. கழுதையும் சிறுவர்களும் உயிரோடு உலவுகின்றனர். ஊர்தான் பெயரற்ற கீழைத்தேசக் கற்பனையாய் நிற்கிறது. அராபிய மண்ணைப் படம் பிடித்தவர் அம்மண்ணின் மாந்தரை இன்னும் சற்று உற்று நோக்கியிருக்கலாம் என்பதே நம் குறை.

1953இல் வந்த 'வெண்பிடரி' வேறு தரத்தது. தென் பிரான்சின் கமார்க் சதுப்புநிலத்தில், எவருக்கும் அடங்காத ஒரு குதிரையும், ஃபோல்கோ என்னும் மீனவச் சிறுவனும் நட்புக் கொள்கின்றனர். குதிரைக்காரர்கள் துரத்த, இருவரும் நீருக்குள் இறங்கி அலைகளில் மறைகின்றனர். மனிதரும் குதிரைகளும் நண்பராய் வாழும் நாட்டுக்கு அவர்கள் போகின்றனர் என்று பின்னணிக் குரல் ஆறுதல் கூறுகிறது. கண் காண்பது ஒன்று. காது கேட்பது மற்றொன்று. படம் முடிந்ததும் மாணவன் ஒருவன், "உஸ்தாத், அவன் மௌத்தாயிட்டானா?" என்று கேட்டான். நம்மால் விடை கூற இயலவில்லை. குழந்தைக்கு மரணத்தைக் காட்டிவிட்டு அதனை மரணமன்று என்று சொல்வது தகுமா? கான் விழாவில் குறும்படத்துக்கான முதற்பரிசு பெற்ற படம்தான். ஆயினும் இக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

அவ்வினாவுக்கு அவரே 1956இல் விடை கண்டார் போலும். 'சிவப்புப் பலூன்' 34 நிமிடப் படம். பாரிஸின் மெனில்மொந்தான் சந்துகளில் ஒரு பலூன், நாய்க்குட்டிபோல் ஒரு சிறுவனைப் பின்தொடர்கிறது. சிறுவன் லாமொரிஸின் மகன் பாஸ்கால். பொறாமை கொண்ட முரட்டுப் பிள்ளைகள் கல்லெறிகின்றனர். பலூன் மெல்லச் சுருங்கிச் சாவதை நாம் முழுதும் காண்கிறோம். அங்கே எந்தக் குரலும் ஆறுதல் சொல்வதில்லை. நகரத்துப் பலூன்களெல்லாம் கூடி வந்து பாஸ்காலை வானுக்குத் தூக்கிச் செல்வது அதன் பிறகே. துயரை மறைக்காத பின் வரும் ஆறுதல் என்பதால் அதனை ஏற்க மனம் இசைகிறது. பலூனும் சிறுவனும் ஒரே காட்சியில் சேர்ந்து நிற்பதால்தான் நாம் நம்புகிறோம் என்று ஆந்திரே பாஸான் என்னும் திறனாய்வாளர் விரிவாக எழுதினார். பேச்சே ஏறக்குறைய இல்லாத இப்படத்துக்குச் சிறந்த திரைக்கதைக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்தது விந்தை! அவ்வீதிகளில் பல பின்னர் இடிக்கப்பட்டன. இன்று அவை இப்படத்தில்தான் வாழ்கின்றன.

அதன்பின் லாமொரிஸ் உயரே சென்றார். ஹெலிகாப்டரிலிருந்து ஆட்டமின்றிப் படமெடுக்கும் கருவியை உருவாக்கி, 1960இல் 'பலூன் பயணம்' என்னும் நீண்ட படம் எடுத்தார். (உலகை வெல்லும் 'ரிஸ்க்' என்னும் பலகை விளையாட்டைக் கண்டுபிடித்தவரும் இவரே. உயரத்திலிருந்து நிலப்படத்தைப் பார்க்கும் ஆசை இவருக்கு இயல்பு போலும்.) காட்சிகள் அழகானவை, ஆனால் மேலிருந்து பார்க்க மனிதர் எறும்பாயினர். நான்கடி வெண்பாவில் மின்னியவர் காப்பியத்தில் களைத்துப் போனார் என்போம்.

பின்னர் ஈரானின் பண்பாட்டு அமைச்சகம் அவரை அழைத்தது. 'காதலர் காற்று' அங்கே உருவாயிற்று. பாரசீகத்தில் அதன் பெயர் 'பாதே ஸபா'. பாலையையும் மலையையும் குவிமாடங்களையும் காற்றே கண்டு காற்றே பேசுகிறது. மேலிருந்து பார்ப்பதற்கு ஒரு நியாயம் இங்கேதான் கிடைத்தது: காற்றுக்கு வேறெங்கே இடம்? ஆனால் அரசினருக்கு நிறைவில்லை. பழமையே தெரிகிறது, புதிய ஈரான் எங்கே என்றனர். அணைகளையும் ஆலைகளையும் எடுக்க அவர் மீண்டும் சென்றார். 1970 ஜூன் 2ஆம் நாள் கரஜ் அணைக்கருகே ஹெலிகாப்டர் கம்பிகளில் சிக்கி வீழ்ந்தது. வயது 48. தம் மனத்தில் எழுந்த காட்சிகளை எடுத்து முடித்தவர், பிறர் கேட்ட காட்சியை எடுக்கப் போய் உயிர் துறந்தார் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு அவருடைய மனைவியும் மகனும் 1978இல் படத்தை நிறைவு செய்தனர். அம்மகன், பலூனின் நூலைப் பற்றிக்கொண்டு மெனில்மொந்தான் படிகளில் ஓடிய அதே பாஸ்கால்.