தேம்பாவணியில் பணிவிடையாளன் தலைவனாதல்: வளனின் கீழ்ப்படிதல் குறித்த ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியின் பாட்டுடைத் தலைவன் சூசை என்னும் வளன். கீழ்ப்படிதல், தாழ்மை, பிறர்க்குப் பணிவிடை ஆகியவையன்றி வேறு வீரச்செயல் எதுவும் இல்லாத ஒருவன் பெருங்காப்பியம் ஒன்றைத் தாங்கி நிற்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தேம்பாவணி, வளன், கீழ்ப்படிதல், பணிவிடை, காப்பியத் தலைவன்

முன்னுரை

3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியைப் பற்றிய ஆய்வுகளுட் பல, அதன் அறக்கருத்துகளைத் திரட்டிக் குறளோடு ஒப்பிட்டு நிறைவடைகின்றன. இவ்வொப்பீடுகள் ஆசிரியரின் தமிழ்ப் புலமையை நிறுவவே பயன்படுகின்றன. தொன்னூல் விளக்கம் செய்த ஒருவருக்கு அத்தகைய சான்று தேவையில்லை. நூலின் உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது.

மத்தேயு நற்செய்தியில் சூசை நான்கு முறை கனவில் ஏவப்படுகிறார், ஏவியபடியே செய்கிறார். நற்செய்திகள் எதிலும் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. தண்டியலங்காரம் பெருங்காப்பியத்திற்கு வேண்டுவதோ தன்னிகரில்லாத் தலைவன். சொல்லற்ற தச்சர் ஒருவரை அவ்விடத்தில் நிறுத்துவது எளிய துணிவன்று.

காட்டிலிருந்து மீளுதல்

போர்ச்செய்தியை முனிவர் தலைவனுக்கு உரியதாக்கவில்லை. வளனின் குலமுதல்வன் தாவீது கோலியாத்தை வீழ்த்திய வரலாறு வளன் சனித்த படலத்திலேயே பாடப்பெறுகிறது. வீரம் முன்னோரிடம் நின்றுவிட, வளனுக்கு எஞ்சுவது ஏவல் கேட்டல் மட்டுமே. இளமையில் துறவு நாடிக் காடு செல்லும் வளனை வானவர் தடுத்து, ஊரிலிருந்து பிறர்க்கு உதவி வாழுமாறு திருப்புகிறார். கீழ்ப்படிதல் இராமனைக் காட்டுக்கு அனுப்பியது; வளனையோ காட்டிலிருந்து ஊருக்கு மீட்டது. தனக்கு இனியதாகத் தோன்றிய தவத்தையே அவன் கைவிட வேண்டியிருக்கிறது. தன் வீடுபேற்றைத் தனித்துத் தேடும் பற்றும் ஒருவகைத் தன்முனைப்பே என்னும் கூர்மையான எண்ணம் இங்கு உள்ளுறையாக நிற்கிறது. பின்னர் வரும் ஈரறம் பொருத்து படலம் இல்லறத்தையும் துறவையும் ஒருங்கிணைப்பதற்கு இந்நிகழ்வே அடித்தளம் எனலாம்.

ஐயமும் தாழ்மையும்

மரியின் கருவுற்ற நிலை கண்டு வளன் கலங்குவதை நற்செய்தி சில தொடர்களில் முடித்துவிடுகிறது. முனிவர் அதை ஐயந்தோற்று படலம், ஐயநீங்கு படலம் என இரண்டாக விரிக்கிறார். நூலின் மிகச் செறிவான இடம் இதுவே என்பது என் கருத்து. ஐயமே எழாதவனின் பணிவைப் பணிவெனக் கொள்ள இயலாது. குற்றஞ்சாட்டும் உரிமை கையிலிருந்தும் மரியை அவமானத்திற்கு உட்படுத்தாது விலகவே நினைக்கிறான் வளன். வானவர் உரைக்கு அவன் இணங்குவதற்கு முன்னரே இவ்விரக்கம் அவனிடம் இருக்கிறது. கீழ்ப்படிதலை அச்சத்தின் விளைவாக வாசிப்போர் இவ்வரிசை முறையைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இராமனா, பரதனா?

வளனை இராமனோடு ஒப்பிடுவது வழக்கம். இருவரும் தலைவர்கள் என்பதைக் கடந்து அவ்வொப்பீடு நெடுந்தொலைவு செல்லாது. வளனுக்கு நெருங்கியவன், நந்தியம்பதியில் பாதுகை வைத்து அரசு காத்த கம்பனின் பரதனே. தனதல்லாததைத் தனதாக எண்ணாமல் காத்தல் இருவர்க்கும் பொது. எசித்துக்கு இரவோடிரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துச் செல்லும் வளன், தனக்குப் பிறவாத மகனைக் காப்பவன். தமிழ்க் காப்பிய மரபில் பக்கத்தில் நின்ற பணிவிடையாளனைத் தலைவனின் இடத்திற்கு நகர்த்தியதே தேம்பாவணியின் புதுமை. பத்தாம் வகுப்புப் பாடநூல் வழியாக இன்றைய மாணவர் அறிவது தாயை இழந்த கருணையனின் புலம்பலை மட்டுமே. புலம்பல் உடனே நெஞ்சைத் தொடும். வளனின் அடக்கத்தைப் பாடமாக்குவது அத்துணை எளிதன்று.

முடியும் உளியும்

நூல் முடிசூட்டுப் படலத்தில் நிறைவுறுகிறது. தன்னைத் தாழ்த்தியவன் உயர்த்தப்படுவான் என்னும் விவிலியக் கருத்துக்கு இது பொருந்துவதே. ஆயினும் அவ்வுயர்வை அரச மரபின் அணிகளோடு பாடுகையில், தாழ்மை முடிக்குச் செலுத்திய விலைபோல ஆகிவிடும் இடர் எழுகிறது. நாட்டுக்கும் நகருக்கும் தனித்தனிப் படலம் வகுத்த முனிவர், தச்சுப் பணிக்கென ஒன்று வகுக்கவில்லை. காப்பிய இலக்கணம் அதற்கு இடந்தரவில்லை என்று அமைதி கூறலாம். எனினும் இலக்கணம் கேளாத எத்தனையோ கிளைக்கதைகளுக்கு அவர் இடமளித்திருக்கிறார்.

இங்கு வேதியர் ஒழுக்கத்தையும் உடன் வைத்து நோக்குதல் தகும். ஊழியம் செய்யும் வேதியர்க்கென முனிவர் எழுதிய அவ்வுரைநடை நூலில், பணிவிடை அன்றாடக் கடமையாகப் பேசப்படுகிறது. நடையும் கேட்போர் நிலைக்கு இறங்கி வருகிறது. தேம்பாவணியின் நடை புலவர் அவைக்கு உரியது. தச்சன் ஒருவனைத் தலைவனாக்கிய காப்பியம், அக்காலத்துத் தச்சர் எவரும் தாமே படித்துணர இயலாத மொழியில் அமைந்திருக்கிறது.