கொடுங்கோலனின் மொழி

"சேர், அந்தக் கண்டி ராசா எங்கட பாஷையா பேசினவர்?"

தரம் எட்டில் மத்துமபண்டாரவின் கதையைச் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. அண்ணன் அஞ்சித் தாயின் பின்னால் ஒளிய, வாளுக்குக் கழுத்தை நீட்டிய ஒன்பது வயதுப் பிள்ளையின் கதை இந்நாட்டில் அறியாதார் இல்லை. வெட்டிய தலைகளை உரலிலிட்டு இடிக்கும்படி எஹலேபொல குமாரிஹாமி பணிக்கப்பட்டதும், பின்னர் அவள் போகம்பரைக் குளத்தில் அமிழ்த்தப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். "ஓம் பிள்ளை, தமிழும் பேசினவர்" என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. கதையின் கொடியவனோடு அந்தப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்திவிட்டேனோ என்று மனம் குறுகுறுத்தது.

அந்த அமைதிக்குக் காரணம் வரலாறா, வரலாற்றின் மேல் கட்டப்பட்ட புனைவா? இதைத்தான் இங்கு பேச விரும்புகிறேன்.

1814இல் நடந்த அக்கொலைகள் வெகு சீக்கிரத்தில் கலையாக மாறின. வலிகல கவிசுந்தர பாடிய போர்க்காவியத்திற்கு 'வடிக ஹட்டன' என்று பெயர். வடுகருக்கு எதிரான போர் என்பது பொருள். தலைப்பிலேயே பகைவன் இனத்தால் அடையாளம் பெற்றுவிடுகிறான். நாடகக்காரர்களும் இக்கதையை விடவில்லை. ஜோன் டி சில்வா 1906இல் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனை மேடையேற்றினார். தமிழ்நாட்டு நாடகக் கம்பனிகளும் 'கண்டிராஜா' ஆடின. அண்மைக் காலத்தில் 'எஹலேபொல குமாரிஹாமி' (2014) திரைப்படமாக வந்தது. தேவிந்த கோன்கஹகேயின் 'கிரிவெஸ்ஸிபுர' (2018) அரசனை ஓரளவு மனிதனாகக் காட்ட முயன்றது. அதில் அரசி ரெங்கம்மாளாக நடித்தவர் நிரஞ்சனி சண்முகராஜா என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இவற்றுள் பெரும்பாலானவற்றின் மையம் ஒன்றே: உரலும் உலக்கையும். அக்காட்சி பார்ப்போரை அழவைக்கும். ஆனால் அழவைப்பதோடு எழுத்தாளனின் கடமை முடிந்துவிடுமா? ஒரு மனிதன் எப்படி அந்த இடத்திற்கு வந்து சேர்ந்தான் என்று கேட்பதல்லவா புனைவின் வேலை?

கேட்டுப் பார்த்தால் கிடைப்பது எவ்வளவு வளமான விடயம்! 1798இல் பதினெட்டு வயது இளைஞன் கண்ணுசாமியை அரியணையில் ஏற்றியவர் மகா அதிகாரம் பிலிமத்தலாவ. பொம்மை ஒன்று கிடைத்ததென நினைத்தார். பொம்மை தானாக அசையத் தொடங்கியது. 1811இல் பிலிமத்தலாவ சிரச்சேதம் செய்யப்பட்டார். அடுத்து வந்த எஹலேபொல 1814இல் சப்ரகமுவையில் கிளர்ச்சி செய்து ஆங்கிலேயரிடம் ஓடினார். இடையில் ஜோன் டொய்லி கண்டிப் பிரதானிகளுடன் இரகசியக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். யாரை நம்புவது என்று தெரியாத ஓர் அரண்மனையில், அச்சம் கொடுமையாக முற்றிய கதை இது. நம் கலைஞர்களோ பிறவிப் பேயொன்றை மேடைக்கு அனுப்பிவிட்டு இவற்றையெல்லாம் திரைக்குப் பின்னால் விட்டுவிட்டார்கள்.

உரல் கதையை விரிவாக எழுதிய மருத்துவர் ஜோன் டேவி இலங்கைக்கு வந்தது 1816இல். அவர் கண்ணால் கண்ட சாட்சியல்லர். பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 2017இல் வெளியிட்ட நூலில், அரசனைப் பற்றிய இத்தகைய கதைகளில் டொய்லியின் பிரசாரத்திற்கு இருந்த பங்கை விசாரித்தார். இதற்காக அரசனைக் குற்றமற்றவனாக்க நான் வரவில்லை. கொலைகள் நடந்தன. குற்றத்தைக் குற்றமென்றே சொல்ல வேண்டும். எனது முறைப்பாடு வேறு: ஒரு மனிதனின் குற்றத்தை அவன் இனத்தின் குணமாக மாற்றியது யார்?

1815 மார்ச் 2இல் கைச்சாத்தான கண்டி உடன்படிக்கையைப் படித்தால் விடை கிடைக்கும். 'மலபார்' அரசனின் கொடுமைகளைக் காரணம் காட்டி அவனை நீக்கிய அந்த ஆவணம், அவனது உறவினரான ஆண்கள் அனைவரையும் பகைவர் என்றது. மாத்தளைத் திசாவை ரத்வத்தையும் ஒப்பமிட்ட அந்தப் பத்திரத்தில், பிரதானிகள் சிலரின் ஒப்பங்களில் தமிழ் எழுத்துகள் காணப்படுவது எத்தகைய முரண்! இன்று மேடையில் நாம் காணும் கொடுங்கோலனின் முதல் வரைபு பிரவுண்றிக்கின் காரியாலயத்தில் எழுதப்பட்டது என்பேன்.

அந்த வரைபைப் பொய்யாக்கியவர் எங்கள் மாத்தளையைச் சேர்ந்தவர். கெப்பெட்டிபொல, கொல்லப்பட்ட குமாரிஹாமியின் உடன்பிறந்த சகோதரர். 1817இல் ஊவாவில் கிளர்ச்சி எழுந்தபோது அதை அடக்க ஆங்கிலேயர் அவரை அனுப்பினர். அவரோ கிளர்ச்சியாளர் பக்கம் சேர்ந்தார். அவர்கள் யாரை அரசனாக்கப் போராடினார்கள்? நாயக்கர் அரசனின் உறவினன் துரைசாமி என்று சொல்லிக்கொண்ட ஒருவனை! உண்மையில் அவன் வில்பாவ என்ற சிங்களவன். மக்களின் ஆதரவைப் பெற ஒரு சிங்களவன் நாயக்க வேடம் போட வேண்டியிருந்த காலம் அது. கெப்பெட்டிபொல 1818 நவம்பர் 26இல் தலை வெட்டப்பட்டார். எடின்பரோவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவரது மண்டையோடு 1954இல்தான் நாடு திரும்பியது. சகோதரியைக் கொன்றவனின் குலப்பெயரின் கீழ் நின்று போரிட்ட அந்த மனதைவிடச் சிறந்த நாவல் பொருள் உண்டா?

புனைவு மறந்த இன்னொரு கூட்டமும் உண்டு. ஒற்றரென்று சந்தேகிக்கப்பட்டு உறுப்புகள் வெட்டப்பட்ட பத்து வணிகர்கள். ஏழு பேர் மாண்டனர். மூவர் வெட்டுண்ட உறுப்புகள் கழுத்தில் தொங்கக் கொழும்பு வந்து சேர்ந்தனர். ஆங்கிலேயருக்குப் போர் தொடுக்கக் காரணம் கிடைத்தது. பிரபுவின் மகனுக்குச் சிலை உண்டு, பாட்டு உண்டு. துணி விற்கப் போனவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

முஸ்லிம் எழுத்தாளர்களாகிய நமக்கும் இதில் ஒரு சோதனை காத்திருக்கிறது. ஆங்கிலேயர் வெல்லஸ்ஸ முஸ்லிம்களைப் பிரதானிகளின் அதிகாரத்திலிருந்து பிரித்து ஹாஜி மரிக்காரை முகாந்திரமாக்கினர். கிளர்ச்சியாளர் அவரைப் பிடித்துக் கொன்றனர். நாளை நம்மில் ஒருவர் அவரைப் பற்றி நாவல் எழுதலாம். துரோகி என்று பிறர் எழுதியதற்குப் பதிலாகத் தியாகி என்று எழுதிவிட்டால், வடிக ஹட்டனவின் தவறையே நாமும் செய்தவராவோம். அவரை ஒரு மனிதராக எழுதுவதுதான் கடினம்.

அடுத்த பாடத்தில் கெப்பெட்டிபொலயின் கதையைச் சொன்னேன். அதே மாணவி எழுந்தாள். "தாத்தாவைக் கொன்ற ராசாட ஆளுக்காகவா சேர் அவர் சண்டை பிடிச்சவர்? ஏன்?"

அந்த 'ஏன்' என்ற கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. ஒரு நல்ல நாவலில் இருக்கக்கூடும். அப்படியொன்றை நான் இன்னும் வாசிக்கவில்லை.