காந்தம் சொல்லாத பாதி: மாதிரி ரயிலும் ரீட் சுவிட்சும்

மாதிரி ரயிலைத் தானாக ஓட வைக்க ஆசைப்படும் எல்லாருக்கும் முதலில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான். இன்ஜினுக்கு அடியில் ஒரு குட்டி காந்தம், தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு ரீட் சுவிட்ச், ஒரு ஆர்டுயினோ. அவ்வளவுதான், வேலை முடிஞ்சுது என்பார்கள். என் கணக்கில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

ரீட் சுவிட்ச் நல்ல சாமான். 1936-ல் பெல் ஆய்வகத்தின் வால்டர் எல்வுட் கண்டுபிடித்தது. மூடிய கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். காந்தம் கிட்டே வந்தால் ஒட்டும், போனால் விலகும். தூசு, வெளிச்சம் எதுவும் பாதிக்காது. விலையும் சொற்பம்.

முதல் சிக்கல் நேரம். 1:87 அளவு ரயில், நிஜத்தின் 60 கி.மீ. வேகத்துக்கு ஈடாக ஓடினால் நொடிக்கு 19 செ.மீ. தான் நகரும். சுவிட்ச் ஒட்டியிருக்கும் தூரம் 1 செ.மீ. என்று வைத்தால், நமக்குக் கிடைப்பது சுமார் 50 மில்லிசெகண்ட். நிரலில் எங்கேயாவது ஒரு நொடி ‘டிலே’ போட்டிருந்தால், ரயில் வந்ததே தெரியாது. இது சின்னத் தப்பு. இன்டரப்ட் வைத்தால் சரியாகிவிடும்.

பெரிய தப்பு தர்க்கத்தில் இருக்கிறது. ஒருநாள் என் சரக்கு ரயிலில் கடைசி இரண்டு வேகன்கள் கழன்று நின்றுவிட்டன. இன்ஜின் அடுத்த சென்சாரைத் தாண்டியது. ‘பிளாக் காலி’ என்று நிரல் முடிவு கட்டி, பின்னால் வந்த ரயிலை உள்ளே விட்டது. மோதல். இன்னொரு நாள் சால்டர் விட்டுப்போன ஒரு ஒயரால், முனையில் நிற்க வேண்டிய இன்ஜின் மேஜையிலிருந்தே கீழே விழுந்தது. இரண்டு தடவையும் சென்சார் பொய் சொல்லவில்லை, சும்மா இருந்தது. அந்த மௌனத்தை நான்தான் ‘எல்லாம் சரி’ என்று படித்தேன்.

நிஜ ரயில்வே மௌனத்தை அப்படிப் படிப்பதில்லை. 1872-ல் வில்லியம் ராபின்சன் தந்த டிராக் சர்க்யூட்டில், தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடிக்கிறது. சக்கரம் ஏறினாலும், ஒயர் அறுந்தாலும், பேட்டரி செத்தாலும் ரிலே விழும், சிக்னல் சிவப்பு. பிரிட்டனின் ஏ.டபிள்யூ.எஸ். முறை காந்தத்தையே நம்புகிறது. முதலில் நிரந்தர காந்தம், அடுத்து மின்காந்தம். சிக்னல் பச்சையாக இருந்தால் மட்டுமே இரண்டாவதுக்கு மின்சாரம். அது வராவிட்டால் ஓட்டுநருக்கு ஹாரன் அடிக்கும். ஆக, குற்றம் காந்தத்தின் மேல் இல்லை.

எங்க ஊர்க்காரர்களுக்குத் தறியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். கைத்தறியில் பாவு இழை அறுந்தால் நெசவாளியின் கண் பிடித்துவிடும். விசைத்தறியில் ஒவ்வொரு இழையும் ஒரு மெல்லிய தகட்டைத் தாங்குகிறது. இழை அறுந்தால் தகடு விழும், தறி நிற்கும். ‘நான் நல்லா இருக்கேன்’ என்று இழை சொல்லிக்கொண்டே இருக்கும் வரைதான் ஓட்டம்.

அதனால் நான் செய்த மாற்றங்கள் இரண்டு. ஒன்று, முனைகளில் மூன்று கால் உள்ள ரீட் சுவிட்ச். சாதாரணமாக மூடியிருந்து, காந்தம் வந்தால் திறக்கும் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். ஒயர் அறுந்தாலும் நிரலுக்கு அது ‘ரயில் வந்தாச்சு, நிறுத்து’தான். இரண்டு, கடைசி வேகனிலும் ஒரு காந்தம். இன்ஜின் காந்தம் பிளாக்கைப் பூட்டும். கடைசி வேகன் காந்தம் அடுத்த சென்சாரைத் தாண்டினால்தான் திறக்கும். காஞ்சிபுரம் ஸ்டேஷனில் ரயில் போகும்போது கடைசிப் பெட்டியின் பின்னால் ‘எல்.வி.’ பலகையைப் பார்த்திருப்பீர்கள். ரயில் முழுசா வந்துடுச்சு என்பதற்கு அதுதான் அடையாளம். என் காந்தமும் அதே பலகைதான்.

இன்னும் ஓட்டை உண்டு. கடைசி காந்தமே கழன்று விழுந்தால் பிளாக் பூட்டியே கிடக்கும், ரயில்கள் எல்லாம் நிற்கும். பரவாயில்லை. நின்றுபோன ரயிலை எழுந்து போய்ச் சரிசெய்யலாம்.