அணையாத கேமராக்கள்

சார்லி புரூக்கர் எழுதி, 2008இல் பிரிட்டனின் இ4 தொலைக்காட்சியில் வந்த ஐந்து பகுதித் திகில் தொடர் ‘டெட் செட்’. நாடே நடைபிணங்களின் கையில். நம் பிக் பாஸுக்கு மூலமான ‘பிக் பிரதர்’ வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் அது தெரியாது. அடுத்து யார் வெளியேறுவார் என்பதே அவர்கள் கவலை. அந்நிகழ்ச்சியின் அப்போதைய நிஜத் தொகுப்பாளர் டாவினா மெக்கால் தன் சொந்தப் பெயரிலேயே நடித்து, பிணமாகி வெறியோடு ஓடிவருகிறார். அந்தத் துணிச்சலுக்கு என் வணக்கம்.

என்னை உலுக்கியது முடிவுதான். எல்லாம் அழிந்த பிறகும் கேமராக்கள் ஓடுகின்றன. நாயகி கெல்லியின் உயிரற்ற முகம் திரைகளில் தெரிய, பிணங்கள் அதையே வெறித்து நிற்கின்றன. உயிர் போனபின்னும் பார்க்கும் பசி போகவில்லை. புகழாசையை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.