கல்முகங்களும் பழஞ்சமயக் கற்பிதமும்

மத்தியகால ஆங்கிலத் தேவாலயங்களின் சுவர்களிலே, கூரைவிளிம்பின் கீழும் சாளர வளைவுகளின் முனைகளிலும், மனிதத் தலைகளும் விலங்குத் தலைகளும் செதுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். நாக்கை நீட்டுவன, வாயை இரு கைகளாலும் இழுத்துக் காட்டுவன, இலைக்கொடிகளை உமிழ்வன என இவை பலவகைப்படும். இவை பற்றி எழுந்த விளக்கங்களுள் பெருஞ்செல்வாக்குப் பெற்றது, கிறிஸ்தவத்துக்கு முந்திய வழிபாட்டின் எச்சங்களே இவை என்னும் கருத்தாகும்.

இலைமுகங்களைப் பொறுத்தவரை இக்கருத்துக்கு உருவங் கொடுத்தவர் றக்லன் சீமாட்டி. 1939 ஆம் ஆண்டிலே 'போக்லோர்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் அவர் இவற்றுக்குப் 'பச்சை மனிதன்' எனப் பெயரிட்டு, மே மாத விழாவில் தழை போர்த்து ஆடும் உருவத்தோடு இணைத்தார். பெயர் நிலைத்துவிட்டது, ஆதாரம் நிலைக்கவில்லை. அத்தழையுருவம் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரின் ஊர்வலங்களிலே உருப்பெற்றதென்பதை றோய் ஜட்ஜின் 1979 ஆம் ஆண்டு ஆய்வு புலப்படுத்திற்று. நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் முந்திய சிற்பத்தைப் பிந்திய வழக்கொன்றினால் விளக்குதல் எவ்வாறு பொருந்தும்?

ஹெரபோட்ஷயரிலுள்ள கில்பெக் தேவாலயம் இவ்விடத்து நோக்கற்பாலது. சுமார் 1140 இல், கோட்டையொன்றின் அருகே எழுந்த இச்சிறு கட்டடத்தின் கூரைவிளிம்பை எண்பதுக்கு மேற்பட்ட தாங்குகற்கள் சுற்றி நிற்கின்றன. வேட்டைநாயும் முயலும் அருகருகே அமைந்த கல்லொன்று. தன் குறியை விரித்துக் காட்டும் பெண்ணுருவம் இன்னொன்று. பழஞ்சமயவாதிகள் எடுத்துக்காட்டுவது பின்னதையே. அதே வரிசையிற் சிலுவை தாங்கிய ஆட்டுக்குட்டியும் இருப்பதை அவர்கள் பெரிதும் பேசுவதில்லை. தாங்குகல் வெறுங்கல்லாயினும் கூரை நிற்கும். ஒவ்வொன்றும் தனிக்கல்லாதலின், அடுத்த கல்லுக்குக் கட்டுப்படாமற் கைவினைஞன் தன் கண்ணிற்பட்டதைச் செதுக்க முடிந்தது. வாயிலின் நெறிப்பட்ட அலங்காரத்திற் கிட்டாத சுதந்திரம் அது.

சமகாலத்தவர் கண்டனமும் கருதத்தக்கது. சுமார் 1125 இல் கிளெயார்வோவின் பேர்னாட் துறவிமடங்களிலுள்ள விகார உருவங்களைச் சாடினார். அவை புறச்சமயத் தெய்வங்கள் என்பதன்று அவரது குறை. துறவியரின் வாசிப்பைக் குலைக்கின்றன, வீண்செலவு என்பனவே.

எனினும், நீட்டிய நாக்கு ஒவ்வொன்றையும் நிலமானியத்துக்கு எதிரான கலகக்குரலாகக் கொள்ளுதலும் அதேவகை அவசரமே. கூலி கொடுத்தவர் பிரபுவும் திருச்சபையுமே என்பதை மறத்தலாகாது. பழஞ்சமய விளக்கத்தின் பெருங்குறை வேறு. அது சிற்பத்தைச் செய்த கையிலிருந்து பறித்து, மறக்கப்பட்ட தெய்வமொன்றிடம் ஒப்படைக்கிறது. கற்றச்சன் தானறியாத நினைவின் சுமைதாங்கியாகிவிடுகிறான்.

வெல்ஸ் பேராலயத்தின் தூண் தலைப்புகள் அவனை மீட்டுத் தருகின்றன. அங்கே பழந் திருடியவன் பிடிபட்டு அடிவாங்குகிறான். இன்னொருவன் பல்வலியால் வாயைக் கோணுகிறான். பல்வலி தீர்க்கும் ஆற்றல் ஆயர் இரண்டாம் வில்லியம் பிற்றனின் கல்லறைக்கு உண்டென மக்கள் நம்பினர். ஆதலால் இம்முகமும் அவர் புகழ் பாடுவதென முன்னர்க் கருதப்பட்டது. அவர் இறந்தது 1274 இல். சிற்பமோ அதற்குப் பல்லாண்டுகள் முந்தியது என்பதே இன்றைய கணிப்பு. அந்த வலி யாரோ ஒரு சாதாரண மனிதனுடையது.