வாக்கைக் காக்கும் பயிற்சி
கொல்கத்தா ஃப்ரீமேசன் மரபும் அதன் ரகசியமும்

கொல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட் 19ஆம் எண்ணில் ஃப்ரீமேசன் மண்டபம் இருக்கிறது. நகரத்தின் பேர்போன தெருவில், போவோர் வருவோர் எல்லோரும் பார்க்கும்படியான இடம். இந்தச் சங்கத்தின் கிளைகளை லாட்ஜ் என்பார்கள். வில்லியம் கோட்டையில் முதல் லாட்ஜ் 1730ல் அமைந்தது. 1740ல் பிறந்த ‘ஸ்டார் இன் தி ஈஸ்ட்’, ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் மிகப் பழைய ஆங்கில லாட்ஜ்களில் ஒன்று. ஏறக்குறைய முன்னூறு ஆண்டுகளாக ஊர் நடுவே வாழும் இந்த மரபை இன்றும் பலர் ‘ரகசியச் சங்கம்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறார்கள். இங்கே எது ரகசியம், அது எதற்காக என்று கேட்டுப் பார்ப்பது அவசியம்.

கல்தச்சர் விட்டுச் சென்றது

இந்த மரபுக்கு முன்னோடிகளான ஸ்காட்லாந்துக் கல்தச்சர்கள் வேலை தேடி ஊர் ஊராகப் போனவர்கள். புதிய ஊரில், ‘நான் முறையாகத் தொழில் கற்றவன்’ என்று நிரூபிக்க அவர்கள் கையில் சான்றிதழ் இல்லை. தொழிலாளருக்குள் வழங்கிய ஒரு சொல்லும் அடையாள முறைகளும்தான் அந்த வேலையைச் செய்தன. 1598ல் வில்லியம் ஷா அவர்களுக்கு வகுத்த விதிகள் பயிற்சிக் காலத்தையும் ஆசானின் கடமைகளையும் நிர்ணயித்தன. அரைகுறையாகக் கற்றவன் கட்டிய சுவர் இடிந்தால் உயிர் போகும். ஆகவே அன்றைய ரகசியம் தொழிலின் தரத்துக்குக் காவலாக நின்றது.

கல்லுளி பிடிக்காத கனவான்கள் உள்ளே வந்த பிறகு, லாட்ஜ்களுக்குத் தலைமையான கிராண்ட் லாட்ஜ் லண்டனில் 1717ல் உருவானதாகச் சங்கம் கணக்கு வைத்திருக்கிறது. 1723ல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த சாசனம் அச்சேறியது. மதச் சண்டையும் அரசியல் சண்டையும் லாட்ஜ் வாசலுக்கு வெளியேதான் என்ற விதியை அன்றே யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்க முடிந்தது. 1730ல் சாமுவேல் பிரிச்சர்ட் சடங்குகளையே புத்தகமாக வெளியிட்டுவிட்டார். அந்தப் புத்தகம் விற்றுத் தீர்ந்தது; சங்கம் அழியவில்லை. மறைத்துவைத்த செய்தியில்தான் மரபின் உயிர் இருந்ததென்றால் அது அந்த ஆண்டே முடிந்திருக்க வேண்டும்.

பிரிவுகளும் அளவுகோல்களும்

பிரிச்சர்டின் வெளியீட்டுக்குப் பின் போலிகள் நுழையாமல் தடுக்க, லண்டன் கிராண்ட் லாட்ஜ் உறுப்பினர் ஏறும் படிநிலைகளில் முதல் இரண்டின் அடையாளச் சொற்களை இடம் மாற்றியது. மரபை மாற்ற உங்களுக்கு யார் உரிமை தந்தது என்று கேட்டவர்கள் 1751ல் ‘ஏன்ஷியண்ட்ஸ்’ என்று தனி அணி கண்டார்கள். 1813ல்தான் இரு அணிகளும் இணைந்தன. அயர்லாந்து 1725லிருந்தும் ஸ்காட்லாந்து 1736லிருந்தும் தத்தம் கிராண்ட் லாட்ஜோடு நடந்தன. இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து என்ற இந்த மூன்று மரபுகளும் இந்தியாவுக்கு வந்து வேரூன்றின. 1961 நவம்பர் 24ல் இந்திய கிராண்ட் லாட்ஜ் தனியாக நிறுவப்பட்டபோது பெரும்பாலானவை அதனோடு சேர்ந்தன. சில லாட்ஜ்கள் தாய் மரபிலேயே தொடர்கின்றன.

இந்த மரபுகள் எல்லாம் ஒப்பும் அளவுகோல்கள் உண்டு. உறுப்பினருக்கு இறைநம்பிக்கை வேண்டும். அவரவர் புனித நூல் முன்னே உறுதிமொழி தர வேண்டும். பிரான்சின் கிராண்ட் ஓரியண்ட் 1877ல் இறைநம்பிக்கை விதியை நீக்கியதும் இங்கிலாந்து அதனோடு உறவை முறித்தது. உறுதிமொழிக்கு முன்பே, குடிமகன் கடமைக்கோ மதத்துக்கோ ஒழுக்கத்துக்கோ முரணானது எதுவும் இதில் இல்லை என்று புதியவரிடம் சொல்லிவிடுகிறார்கள். ரகசியச் சங்கங்களை ஒடுக்க 1799ல் பிரிட்டன் சட்டம் போட்டபோது, ஆண்டுதோறும் உறுப்பினர் பட்டியலை அரசிடம் தர ஒப்பியதால் லாட்ஜ்கள் தப்பின. ஆக, காக்க வேண்டியதாக மிஞ்சியவை அடையாளச் சொற்களும் சைகைகளும்தான்.

கதவை அடைத்த காலம்

ரகசியம் தவறான கைக்குப் போனதற்கும் கொல்கத்தாவிலேயே சான்று உண்டு. திருச்சிராப்பள்ளியில் 1770களிலேயே ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்துல் உமரா மேசனாகிவிட்டார். ஆனால் வங்காளத்தில் பிரசன்ன குமார் தத்தா 1863ல் சேர விரும்பியபோது, மேலிட அனுமதி இல்லாமல் ஆசியரைச் சேர்க்கக் கூடாதென்ற உள்ளூர் விதி குறுக்கே நின்றது. பல தெய்வங்களை வணங்கும் இந்துவின் உறுதிமொழி செல்லுமா என்று வாதிட்டார்கள். அவர் விடவில்லை. 1872ல்தான் கதவு திறந்தது. பன்னிரண்டு ஆண்டுக்குப் பின், 1884 பிப்ரவரியில், பிற்காலத்தில் விவேகானந்தர் ஆன நரேந்திரநாத் தத்தர் ‘ஆங்கர் அண்ட் ஹோப்’ லாட்ஜில் சேர்ந்தார்.

அந்த ஒன்பது ஆண்டு இழுபறியில் ஆபத்தில் இருந்தது ரகசியம் அல்ல. ஒரு வங்காளியின் வாக்கு ஆங்கிலேயரின் வாக்குக்குச் சமம் என்று ஒப்புக்கொள்ளும் மனம்தான் இல்லாமல் இருந்தது. சமமானவர்களுக்கு நடுவில் காக்கும் ரகசியம் நம்பிக்கையை வளர்க்கும். ஆளைத் தள்ளிவைக்கக் காக்கும் ரகசியம் வெறும் ஆதிக்கம். பிரசன்ன குமார் தத்தாவின் போராட்டத்தை இந்த மரபின் பெருமைகளில் முதல் வரிசையில் வைப்பேன். சங்கம் தன் அளவுகோலுக்கே உண்மையாக இருக்கும்படி வற்புறுத்தியவர் அவர்.

அதே நகரத்தில் 1902ல் விடுதலைப் புரட்சியாளர்களின் அனுசீலன் சமிதி தோன்றியது. அங்கும் உறுதிமொழி உண்டு, மௌனம் உண்டு. ஆனால் அங்கே வாய் தவறினால் தோழன் தூக்குமேடை ஏறுவான். அந்த ரகசியத்துக்கு விடுதலை என்ற இலக்கு இருந்தது. விடுதலை வந்ததும் அதன் தேவையும் தீர்ந்தது. மேசன் ரகசியத்துக்கு அப்படி முடிவுநாள் கிடையாது. இணையத்தில் எல்லாச் சொற்களும் கிடைக்கும் இந்நாளிலும் ஒருவர் அவற்றைச் சொல்ல மறுக்கிறார் என்றால், கொடுத்த வாக்கு சிறிதானாலும் காக்கப்பட வேண்டும் என்று தன்னைப் பழக்கிக்கொள்கிறார் என்று பொருள். சிறிய வாக்கில் பழகியவரிடம்தான் நண்பனின் துயரத்தையும் பிறர் சொத்தையும் நம்பி ஒப்படைக்க முடியும்.

அதனால் லாட்ஜ்களிடம் ஒரு வேண்டுகோள். வாக்குக்கு உட்பட்டதை உறுதியாகக் காத்திடுங்கள். வாக்குக்கு வெளியே உள்ள வரலாற்றையும் விதிகளையும் அறப்பணிகளையும், பிரசன்ன குமார் தத்தாவுக்கு இழைத்த தவறையும் சேர்த்து, ஊரறியப் பேசுங்கள். சொல்லக்கூடியதையும் சொல்லாமல் விட்டால் வதந்திக்குத்தான் இடம் கிடைக்கும்.