ஐந்து நிமிஷ ஹாஸ்யமும் அதற்குரிய விமரிசனமும்

சங்கீத வித்துவான் ஒருவர் விடியற்காலையில் தம் வீட்டு மாடியில் தம்பூரை மீட்டிக்கொண்டு தனியே சாதகம் செய்யலாம். நாட்டியம் பயிலும் பெண் கண்ணாடிக்கு முன் நின்று தன் அபிநயத்தைத் திருத்திக்கொள்ளலாம். எழுத்தாளன், எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால், வேஷமின்றி, பக்கவாத்தியமின்றி, ஒரு மைக்கின் முன் தன்னந்தனியாக நின்று, தன் சொல் ஒன்றையே நம்பி, முன்பின் அறியாத மனிதர்களைச் சிரிக்கவைக்க முயலும் ஹாஸ்யக்காரனுக்கு அத்தகைய ஏகாந்த அப்பியாசம் கிடையாது. வீட்டில் சொல்லிப் பார்த்த வேடிக்கை வேடிக்கைதானா என்பதை அந்நியர் நிறைந்த சபை ஒன்றே அவனுக்குச் சொல்ல முடியும். 'ஸ்டாண்ட்-அப்' என்று இன்று வழங்கும் இந்தக் கலையில், புதியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து நிமிஷம் வரை அவகாசம் தந்து மேடையேற்றும் 'ஓபன் மைக்' என்ற வழக்கம் வேரூன்றியதற்கு மூலகாரணம் இதுதான். அந்த ஐந்து நிமிஷத்தை அரங்கேற்றமாக எண்ணுகிறவர்கள் அதன் தன்மையை அறியாதவர்கள். அது, பிறர் பார்த்திருக்கச் செய்யும் சாதகம்.

நியூயார்க்கில் பட் ஃப்ரீட்மேன் 1963ஆம் ஆண்டு தொடங்கிய 'இம்ப்ராவ்' என்ற விடுதியும், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1972இல் தோன்றிய 'காமெடி ஸ்டோர்' என்ற அரங்கமும் இந்தச் சாதகத்துக்கு இடம் தந்தவற்றுள் முதன்மையானவை. ஸாமி ஷோர் என்ற ஹாஸ்யக்காரர் தம் நண்பர் ரூடி டிலூகாவுடன் தொடங்கிய அந்தக் காமெடி ஸ்டோர், சில ஆண்டுகளில், விவாகரத்துக்குப் பின் அவர் மனைவி மிட்ஸி ஷோரின் நிர்வாகத்துக்கு வந்தது. திங்கட்கிழமை இரவுகளில் புதியவர்கள் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசுவார்கள்; அம்மையார் சபையில் ஒருவராக அமர்ந்து கேட்பார்; அவர் 'சரி' என்று சொன்னால் அன்றுமுதல் அந்த மேடை அவர்களுக்கு உரியது, சொல்லாவிட்டால் இன்னும் பல திங்கட்கிழமைகள் காத்திருக்க வேண்டும். தம் அரங்கம் ஒரு கலாசாலை, அங்கே கற்பவர்களுக்குச் சம்பளம் எதற்கு என்பது அவருடைய கட்சி. தேர்ச்சி பெற்றுக் கூட்டம் சேர்க்கும் கலைஞர்களுக்கும் இதே நியாயத்தைச் சொல்லிக் கூலி மறுத்தபோது, 1979இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஒருமுறை மேடையேறுவதற்கு 25 டாலர் என்ற ஊதியத்தைப் பெற்றார்கள். கலாசாலை என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் போதனை இருக்க வேண்டும்; போதனையும் இல்லாமல் கூலியும் இல்லாமல் ஒருவனுடைய இரவுகளை வாங்கிக்கொள்வது தர்மம் ஆகாது என்பதே, அந்தப் போராட்டத்தில் நான் காணும் பொருள். இன்றைய நம் ஊர் மேடைகளுக்கும் அது பொருந்தும்.

லண்டனில் வேறு வகையான பரீட்சை நடந்தது. 1979 மே மாதம் ஸோஹோ பகுதியில் அதே பெயரில் திறக்கப்பட்ட காமெடி ஸ்டோரில் மேடையருகே ஒரு சேகண்டி வைத்திருந்தார்கள். சபையோருக்குப் பிடிக்கவில்லையென்றால் கூச்சலிடுவார்கள், சேகண்டி ஒலிக்கும், பேசிக்கொண்டிருப்பவன் பாதி வாக்கியத்திலேயே இறங்க வேண்டியதுதான். அங்கே முதன்முதலாக நிகழ்ச்சியை நடத்தியவர் அலெக்ஸீ ஸேல். மான்செஸ்டர் நகரத்து அரங்கம் ஒன்றில், சபையோர் சிலர் கையில் அட்டைகளைக் கொடுத்து, ஐந்து நிமிஷம் தாக்குப்பிடிப்பவனை வெற்றி பெற்றவன் என்று கொள்ளும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இத்தகைய சோதனை நெஞ்சுரத்தை வளர்க்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், வெளியேற்றப்பட்டவன் எந்தச் சொல்லில் சறுக்கினான் என்பதைச் சேகண்டி சொல்லாது. எடின்பரோவில் 1988 முதலும் மெல்போர்னில் 1996 முதலும் நடந்துவரும் புதியவர் போட்டிகள் இதைவிட நிதானமானவை. பீட்டர் கே 1997இல் எடின்பரோவிலும், ஹன்னா காட்ஸ்பி 2006இல் மெல்போர்னிலும் பரிசு பெற்று வெளிச்சத்துக்கு வந்தார்கள். போட்டி திறமையைக் கண்டெடுக்கும். திறமையை உண்டாக்குவது வேறொன்று.

அந்த வேறொன்று, நிகழ்ச்சி முடிந்தபின், நாற்காலிகளை மடக்கி வைக்கும் வேளையில், சக கலைஞன் ஒருவன் சொல்லும் குறிப்பு. கிரெக் டீன் போன்ற ஆசிரியர்கள் வகுப்பு நடத்தியும் புத்தகம் எழுதியும் இதைச் சாஸ்திரமாக்க முயன்றிருக்கிறார்கள். கேட்பவன் மனத்தில் ஓர் அனுமானத்தை ஊன்றுவது 'செட்டப்', அந்த அனுமானத்தைக் கவிழ்ப்பது 'பஞ்ச்', சிரிப்பு அடங்குமுன் அதன்மேல் ஏற்றுவது 'டேக்', முன்பு சொன்னதைப் பின்னொரு தருணத்தில் எதிர்பாராமல் திருப்பிக் கொணர்வது 'கால்பேக்' என்று சென்னையில் நேற்று மேடையேறிய பையனுக்கும் இந்தப் பரிபாஷை தெரியும். ஆனால், இங்கிலீஷ் மொழியின் நடைக்கு வகுத்த விதிகளைத் தமிழுக்கு அப்படியே கொள்ள முடியாது என்பதை, சென்னையில் ஒரு காப்பிக் கடை மாடியில் நான் கண்ட ஒரு காட்சி உணர்த்தியது.

இருபது பேர்கூட இல்லாத சபை. இளைஞர் ஒருவர், தம் தகப்பனார் தமக்கு வரன் பார்க்க ஜோசியரிடம் போன கதையைச் சொன்னார். ஜோசியர் ஜாதகத்தைப் பிரிக்காமலே, பையனுக்கு நிலையான உத்தியோகம் அமையாது என்று சொல்லிவிட்டாராம். எப்படித் தெரியும் என்று அப்பா கேட்க, "உங்க பையன்தான் காலையில எனக்கு இட்லி பார்சல் கொண்டாந்து கொடுத்தான்னு ஜோசியர் சொன்னாருங்க" என்று முடித்தார். இரண்டு பேர் புன்னகை செய்தார்கள், அவ்வளவே. கூடத்தின் கோடியில் விளக்கு எரிந்தது. ஒரு நிமிஷம் பாக்கி என்று அதற்குப் பொருள். அவர் அவசரமாக முடித்துக்கொண்டு இறங்கினார். பின்னர், நோட்டுப் புத்தகமும் கையுமாக அமர்ந்திருந்த மூத்த கலைஞர் ஒருவர் அவரை அழைத்து, "தம்பி, 'உங்க பையன்தான்'னு முதல்லயே சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு? அதைக் கடைசியில வை. 'ஜோசியர் சொன்னாரு'ங்கிறதை எடுத்துடு" என்றார். மறுவாரம் அதே மாடியில், "காலையில எனக்கு இட்லி பார்சல் கொண்டாந்து கொடுத்ததே உங்க பையன்தான்" என்று அந்த வாக்கியம் முடிந்தபோது, கூடம் முழுவதும் சிரித்தது. கதை மாறவில்லை; சொற்களின் இடம் மாறியது.

தமிழ் வாக்கியம் வினைமுற்றில் சென்று அமர்வது. ஆகையால், வியப்பைத் தாங்கிய பெயர்ச்சொல் நடுவில் புதைந்துபோக, 'என்று சொன்னார்' என்பது போன்ற உயிரற்ற வால் ஒன்று சிரிப்பு எழவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. பேச்சு வழக்கின் புரட்டிப்போடும் சுதந்திரத்தையும், 'தான்', 'ஏ' என்ற இடைச்சொற்களின் அழுத்தத்தையும் கருவியாகக் கொள்ளத் தெரிந்தவனே தமிழில் ஹாஸ்யம் சொல்ல முடியும். இதை எந்த அயல்நாட்டுக் கையேடும் சொல்லித்தராது. நம்மிடையே உள்ளவர்கள்தாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நகையை எட்டு மெய்ப்பாடுகளுள் முதலாவதாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று தொல்காப்பியர் வகுத்துக்கொடுத்த மொழி இது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபத்தில் ஊரைச் சிரிக்கவைத்ததும், பட்டிமன்ற நடுவர்கள் மணிக்கணக்கில் கூட்டத்தைக் கட்டிப்போடுவதும் நாம் அறிந்தவை. புதியவர்களுக்கென்று தொலைக்காட்சியில் வந்த பெரிய வாய்ப்பு, விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு'. 2005இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சி இல்லாவிட்டால் சிவகார்த்திகேயன் போன்றோர் நமக்குக் கிடைத்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆயினும், தொலைக்காட்சி நடுவருடைய வேலையில், பார்ப்பவர்களை மகிழ்விப்பதும் சேர்ந்தது. அங்கே பெரும்பாலும் வழங்கப்படுவது பாராட்டும் அரவணைப்பும். குரல் போலி செய்வதிலேயே பல இளைஞர்கள் நின்றுவிட்டதற்கு, போலிக்குக் கிடைத்த கரகோஷத்தைச் 'சொந்தமாக என்ன சொல்லப்போகிறாய்?' என்ற கேள்வி தொடராததே காரணம் என்று கருதுகிறேன்.

இங்கிலீஷில் தொடங்கித் தமிழுக்கு வந்த சென்னை ஸ்டாண்ட்-அப், 'எவம்' என்ற கலைக்குழுவினரைப் போன்றோரின் பிரயத்தனத்தால் வேறொரு பாதையில் வளர்ந்தது. வேலையை விட்டு வந்து, பாட்டையும் ஹாஸ்யத்தையும் பிணைத்து 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' படைத்த அலெக்ஸாண்டர் பாபு அந்தப் பாதையில் நெடுந்தூரம் சென்றவர். 2020இல் அமேசான் பிரைம் வெளியிட்ட 'காமிக்ஸ்தான் செம காமெடி பா' நிகழ்ச்சியில், கார்த்திக் குமார், பிரவீன் குமார், ராஜ்மோகன் ஆகியோர் நடுவர்களாக அமர்ந்து புதியவர்கள் மேடையில் சொல்லும் ஹாஸ்யத் தொகுப்பாகிய 'செட்'டுகளுக்கு அபிப்பிராயம் சொன்னார்கள். தொழில் தெரிந்தவர்கள் தொழிலைப் பற்றிப் பேசுவதைத் தமிழர் வீடுகளில் கேட்க முடிந்தது நல்ல காரியம். ஆனால், காமிராவுக்கு முன் சொல்லும் குறிப்பு, மடக்கிய நாற்காலிகளின் நடுவே சொல்லும் குறிப்புக்கு ஈடாகாது. முன்னதில் கற்பவனுடைய மானமும் சேர்ந்து பணயம் வைக்கப்படுகிறது.

ஆகவே, ஓபன் மைக் மாலைகளை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பன்னிரண்டு பேரை ஏற்றுகிற இடத்தில் எட்டுப் பேரை ஏற்றுங்கள். மீதமாகும் நேரத்தில், ரசிகர்கள் கலைந்தபின், எட்டுப் பேரும் வட்டமாக அமர்ந்து ஒருவர் செட்டைப் பற்றி மற்றவர் இரண்டு வாக்கியம் பேச ஏற்பாடு செய்யுங்கள். ரசிகர்களாகிய உங்களிடமும் ஒன்று கேட்கிறேன்: அனுமதி இலவசமானாலும் நேரத்துக்கு வாருங்கள், முன்வரிசையில் அமருங்கள், கைபேசியைப் பையில் வையுங்கள், சிரிப்பு வந்தால் வாய்விட்டுச் சிரியுங்கள், வராவிட்டால் தாட்சண்யத்துக்காகச் சிரிக்காதீர்கள்.